இதயத்துக்குக் காவல் வேண்டாம்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பொதுமருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததுமே உங்களில் சிலர் மார்பில் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள். இன்னும் சிலருக்கு நான் பேசப் பேச நெஞ்சு அடிப்பது தெரியத் தொடங்கும். அதற்கு நான்தான் பொறுப்பு. தெரிந்தால் தெரியட்டும். அதை நிறுத்தப் பார்க்க வேண்டாம், எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். அது பாட்டுக்கு அடிக்கட்டும், நாம் பேசுவோம்.

என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாரார் உண்டு. பெரும்பாலும் முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஐந்தாறு ஈ.சி.ஜி. தாள்கள், ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் ரிப்போர்ட். உட்கார்ந்ததும் சொல்வார்கள்: "சார், எல்லா டெஸ்டும் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்கு அடிக்கிறது கேக்குதே!" இந்தக் கேள்விக்கு நாங்கள் மருத்துவர்கள் நெடுங்காலமாக ஒழுங்கான பதில் சொல்லவில்லை. "கேஸ்தான், ஒண்ணும் இல்ல, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி, வயிற்றுப்புண் மாத்திரை ஒன்றை எழுதி அனுப்பிவிடுவோம். அடுத்த வாரம் இன்னொரு மருத்துவமனையில் இன்னொரு ஈ.சி.ஜி. எடுப்பார்கள். கேட்கிறது என்று சொல்பவரிடம் ஒன்றுமில்லை என்றால், நம்மை நம்புவாரா?

அவருக்குக் கேட்பது உண்மை. முதலில் அதை ஒப்புக்கொள்வோம்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மார்புச்சுவர் அதிர்கிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உடல் முழுதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆடுகிறது. இத்தனையும் மூளைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. எதிர்பார்த்தபடி வருகிற செய்தி என்பதால் மூளை அதைக் கழித்துவிடுகிறது, அவ்வளவுதான். சில நேரம் கழிக்க முடிவதில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் மார்புச்சுவரை நெருங்கும். தலையணையில் காதை அழுத்திப் படுத்தால் காதருகே ஓடும் தமனியின் அடி நேராகக் காதில் விழும். ஒல்லியானவர்களுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகும், மே மாத வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாளும், வெறும் வயிற்றில் இரண்டு ஸ்ட்ராங் டீ குடித்தாலும் துடிப்பு பலமாகும். வீடு அடங்கி, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிற இரவு பதினொரு மணிக்குத்தான் பலருக்கும் இந்தத் தொல்லை தொடங்குகிறது. பகல் முழுக்க இருந்ததுதான். கேட்பதற்கு இப்போதுதான் ஆள் சும்மா இருக்கிறார்.

பிறகு அவர் என்ன செய்வார்? மணிக்கட்டில் விரல் வைப்பார். அங்கே இன்னொரு பயம் காத்திருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது தணியும். இது ஆரோக்கியமான இதயத்தின் இயல்பு, இளவயதினரிடம் அதிகம். நாடி பார்த்துப் பழகாதவருக்கு இது "சீரில்லாத துடிப்பு" என்று படும்.

அதைவிட அதிகம் பயமுறுத்துவது, "ஒரு துடிப்பு விட்டுப்போச்சு சார், அப்புறம் டொம்முனு ஒண்ணு அடிச்சுது" என்பார்களே, அது. அங்கே துடிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு துடிப்பு தன் முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இதயம் நிறைவதற்குள் வந்ததால் அதற்கு வலுவில்லை, நமக்குத் தெரிவதில்லை. அடுத்து ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் இதயத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிறையும். அதனால் அதற்கடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கும். நம்மை உலுக்குகிற அந்த 'டொம்', இதயம் மீண்டும் தாளத்துக்கு வந்துவிட்டதன் அடையாளம். 24 மணி நேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்திப் பார்த்தால், எந்த நோயும் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இப்படி ஓரிரண்டாவது பதிவாகியிருக்கும். அவர்களில் அநேகருக்கு அது தெரியவே தெரியாது.

இப்படித் தப்பி அடிக்கும் நாடி பெரும்பாலும் கெடுதல் இல்லாதது என்று காட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் மெக்கன்சி. இங்கிலாந்தில் லங்காஷயரின் பர்ன்லி என்ற ஆலைநகரத்தில் 1879 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்தவர். கழுத்துச் சிரையின் துடிப்பையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே காகிதத்தில் மையால் வரைகிற கருவியை வடிவமைத்தார். ஆனால் அவருடைய பெரிய கருவி பொறுமை. நாடி தப்பித் தப்பி அடித்த நோயாளிகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, யார் நோயில் விழுந்தார்கள், யார் நன்றாக வாழ்ந்தார்கள் என்று குறித்து வைத்தார். அந்தக் காலத்தில் நாடி சீராக இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளை விளையாட விடாமல் படுக்கையில் போட்டிருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கெடுதலும் வருவதில்லை, விளையாட விடுங்கள் என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இருந்தது. பெருமருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கு அது இல்லை. அவர்கள் நோயாளியை ஒருமுறைதான் பார்த்தார்கள்.

இந்தப் பயத்தைப் பற்றி மருத்துவம் கற்றுக்கொண்ட பெரும்பாடம் போர்க்களத்திலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியா ராணுவ மருத்துவமனையில் ஜேக்கப் மெண்டெஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர், படபடப்பு, மார்பு வலி, மூச்சிரைப்பு, களைப்பு என்று வந்த வீரர்களைத் தொகுத்துப் பார்த்தார். சுமார் 300 பேரை வைத்து 1871-இல் கட்டுரை எழுதினார். 'எளிதில் எரிச்சலுறும் இதயம்' என்று பெயர் வைத்தார். ஓய்வும் டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தும் கொடுத்தார்.

முதல் உலகப் போரில் இதே தொல்லை பிரிட்டிஷ் படையில் பல்லாயிரம் பேருக்கு வந்தது. இதய நோய் என்று முத்திரை குத்தி அவர்களை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாற்றிக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் கிடக்கக் கிடக்க அவர்கள் மோசமானார்கள். மெக்கன்சியின் வழியில் வந்த தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் வேறு விதமாக யோசித்தார். வீரர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, படிப்படியாகக் கடினமாகும் உடற்பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சியே சோதனை, அதுவே வைத்தியம். நிஜமான இதய நோயாளி யார் என்பது அதில் தெரிந்துவிடும். மற்றவர்களில் கணிசமானோர் தேறி வேலைக்குத் திரும்பினார்கள். 1918-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அடுத்த உலகப் போரின் நடுவே, 1941-இல், பால் வுட் என்ற இதயநோய் நிபுணர் இதே தொல்லையோடு வந்த வீரர்களை மறுபடி ஆராய்ந்து, இது இதயத்தின் நோய் அல்ல, பதற்றத்தின் நோய் என்று தெளிவாகச் சொன்னார்.

டா கோஸ்டா கெட்டிக்காரர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோய் இல்லாத இதயத்துக்கு ஓய்வு கொடுப்பது, "உன் இதயத்தை நம்பாதே" என்று தினமும் காதில் ஓதுவதற்குச் சமம். ஒன்றுக்கும் மேற்பட்ட தலைமுறை மருத்துவர்கள் நல்ல எண்ணத்தோடு அதைச் செய்தார்கள். நாமும் செய்துகொண்டிருக்கிறோம், வேறு வடிவத்தில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வீரர்கள் கற்றது எப்படி சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்தது என்பது ஒரு சுவையான கதை. ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு பெண். 1903-இல் பிறந்தவர், விலங்கியலில் பெரிய ஆய்வாளர். இருபதுகளின் பிற்பகுதியில் உடம்பு சரியில்லாமல் போனபோது காசநோய் என்று தவறாகக் கணித்துப் பல மாதம் சானடோரியத்தில் வைத்துவிட்டார்கள். சும்மா படுத்துக் கிடந்த அந்த மாதங்களில் அவருக்குத் துணை, தன் இதயத் துடிப்பு ஒன்றுதான். வெளியே வந்தபோது காசநோய் இல்லை, ஆனால் நெஞ்சு எந்நேரமும் படபடத்தது. பிறகு, போர்முனையில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, நீ பயப்படுவதால்தான் அது அப்படி அடிக்கிறது என்று நண்பர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்தச் சாதாரணம்தான் அவரைக் குணப்படுத்தியது. பிறகு மருத்துவம் படித்து, 1962-இல் நரம்புத் தளர்ச்சிக்காரர்களுக்கு ஒரு கைநூல் எழுதினார். உலகெங்கும் விற்ற புத்தகம்.

அவர் பயத்தை இரண்டாகப் பிரித்தார். முதல் பயம் தானாக வருவது: நெஞ்சு 'பக்'கென்கிறது, உடம்பு சிலிர்க்கிறது. அது நம் கையில் இல்லை. இரண்டாவது பயம் நாம் சேர்ப்பது: "ஐயோ, இது என்ன, ஹார்ட் அட்டாக்கா, ராத்திரி யார் தூக்கிட்டுப் போவா?" முதலாவதை விட்டுவிட்டால் அது தன்னால் வடிந்துவிடும். இரண்டாவதைச் சேர்க்கச் சேர்க்க அட்ரினலின் ஊறிக்கொண்டே இருக்கும், நெஞ்சு ஓயாது. ஓடாமல் எதிரே நில், வந்ததை வரவிடு, மல்லுக்கட்டாமல் மிதந்து போ, நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய முறையின் சாரம் இவ்வளவுதான்.

ஆய்வகங்கள் பின்னால் வந்து இதற்குச் சான்று கொடுத்தன. 1986-இல் ஆக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க், திடீர்ப் பீதியை ஒரு சுழலாக வரைந்து காட்டினார்: உடம்பில் ஓர் உணர்ச்சி, அதற்கு ஆபத்தான ஓர் அர்த்தம், அதனால் பயம், பயத்தால் அந்த உணர்ச்சி இன்னும் கூடுகிறது. 1988-இல் ஆன்கே ஏலர்ஸும் குழுவினரும், பீதி நோய் உள்ளவர்களுக்கு அவர்களுடைய இதய ஒலி என்று சொல்லி, வேகம் கூடுவதுபோன்ற பொய்யான ஒலியைக் கேட்க வைத்தார்கள். அதைக் கேட்டதும் அவர்களுடைய பதற்றம் கூடியது. நிஜமான இதய வேகமும் ரத்த அழுத்தமும்கூட ஏறின. பொய்த் துடிப்பு மெய்த் துடிப்பைக் கூட்டிவிட்டது.

2023-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். எலியின் இதயத் தசையை ஒளிக்கு இயங்கும்படி மாற்றி, சின்ன சட்டை ஒன்றில் விளக்கைப் பொருத்தி, வெளியிலிருந்தே இதயத்தை நிமிடத்துக்கு 900 தடவை துடிக்க வைத்தார்கள். பத்திரமான இடத்தில் இருந்தபோது எலி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆபத்துக்கு வாய்ப்புள்ள இடத்தில் மட்டும், அதே வேகம் அதைப் பதுங்க வைத்தது. மூளையில் இன்சுலா என்ற பகுதியை அடக்கியதும் அந்தப் பதுங்கல் குறைந்தது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, பத்திரமான இடத்தில் எலி சும்மா இருந்தது என்பதுதான். வேகமான துடிப்பு தன்னளவில் பயம் தருவதில்லை. சூழ்நிலை ஆபத்தானது என்று ஏற்கெனவே தோன்றியிருந்தால்தான் தருகிறது.

நம் ஊரில் அந்தச் சூழ்நிலையை யார் உண்டாக்குகிறார்கள்? 2021-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் நடிகர் விவேக் போனார். அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார், 46 வயதில். அதற்கடுத்த நாட்களில் பெங்களூருவின் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியதைச் செய்திகளில் பார்த்தோம். கொரோனாவில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்ஸிமீட்டர் அப்போதும் மேசைமேல் இருந்தது. ஆக்ஸிஜனைப் பார்க்க வாங்கியது நாடி எண்ணவும் பயன்பட்டது. இப்போது கைக்கடிகாரமே எண்ணிச் சொல்கிறது, "உங்கள் துடிப்பு அதிகமாக உள்ளது" என்று அதிர்ந்து எழுப்புகிறது. இதயத் தாளக் கோளாறு உறுதியானவர்களுக்கு அந்தக் கடிகாரம் உதவும். மற்றவர்களுக்கு அது டா கோஸ்டாவின் படுக்கை. எங்கள் பங்கும் இருக்கிறது: வந்தவர் கேட்கும்போதெல்லாம் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக் கொடுக்கிறோம். அது தரும் நிம்மதி அநேகமாக வீட்டு வாசல்வரைதான்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் ஏதாவது என்றால் உடனே ஐசோசார்பைடு மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள் என்று. இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு மருத்துவர் சொல்லிக் கொடுத்த மருந்து அது. படபடப்புக்காரர் அதை வைத்துக்கொண்டால் ரத்த அழுத்தம் இறங்கும், தலை வலிக்கும், அழுத்தத்தை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். சட்டைப்பையில் அதைப் போட்டுக்கொண்டு திரிபவர்கள் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முறையாகப் பாருங்கள். ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ. கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும். நம் பெண்களிடம் ரத்தசோகை மிக அதிகம். ஹீமோகுளோபின் குறைந்திருக்கும் பெண்ணுக்கு மனப் பதற்றம் என்று சொல்லி அனுப்புவது அநியாயம். மயங்கி விழுந்திருந்தால், ஓடும்போதோ படியேறும்போதோ படபடப்போடு கண் இருட்டினால், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தால், இதய மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு வகை உண்டு: ஒரே நொடியில் தொடங்கி, மிக வேகமாக ஓடி, ஒரே நொடியில் நின்றுவிடும் துடிப்பு. இது இதயத்தின் மின்பாதைக் கோளாறாக இருக்கலாம். பதற்றம் என்று ஆண்டுக்கணக்கில் தவறாக ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அது நடக்கும்போதே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மார்பில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், என் சொற்பொழிவை மறந்துவிடுங்கள்.

இவை இல்லை, பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றால், அந்தக் கேள்வி முடிந்தது. இனி வேலை வேறு.

நாடி பார்ப்பதை விட வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால், கை போகும்போது "பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி தள்ளிப்போடுங்கள். கடிகாரத்தின் எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். இரவில் இடப்பக்கம் படுத்ததும் கேட்டால் புரண்டு படுக்காதீர்கள். அங்கேயே கிடங்கள். கேட்காமல் இருக்க முயல்வதும் ஒரு வகைக் காவல்தான், அதனால் காதைத் திருப்பவும் வேண்டாம். துடிப்பும் கேட்கட்டும், மின்விசிறியும் கேட்கட்டும், தெருவில் போகிற வண்டியும் கேட்கட்டும். தண்டவாளத்தை ஒட்டிக் குடிவந்தவருக்கு முதல் வாரம் தூக்கம் இருக்காது, மூன்றாவது மாதம், "ராத்திரி வண்டி போச்சா?" என்று அவரே கேட்பார். ரயில் சத்தம் குறைந்தா போயிற்று?

அடுத்தது, பலருக்கும் பிடிக்காதது. நெஞ்சைப் படபடக்க வைக்க வேண்டும், வேண்டுமென்றே. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுங்கள், அல்லது வேகமாக இரண்டு மாடி ஏறுங்கள். நெஞ்சு அடிக்கும். அப்போது உட்காராதீர்கள், தண்ணீர் தேடாதீர்கள், நாடி தொடாதீர்கள். அது தானாக அடங்குவதை நின்று அனுபவியுங்கள். தினமும் செய்யுங்கள். 1980-களில் டேவிட் பார்லோவும் மிஷெல் கிராஸ்கும் அமெரிக்காவில் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார்கள். லூயிஸ் தன் வீரர்களுக்குக் கொடுத்த பயிற்சியின் பேரப்பிள்ளை என்று நான் இதைச் சொல்வேன். முதல் சில நாள் பயம் கூடும். கூடினால் சரியான பாதையில் போகிறீர்கள்.

ஏனென்றால் இந்த நோய் விலகலில்தான் வளர்கிறது. முதலில் டீயை விடுவார். பிறகு மாடிப்படியை. பழநிக்குப் போனால் படியேறியவர் இப்போது வின்ச்சில் போவார். பிறகு தனியாக வெளியூர் போகமாட்டார், மனைவியோடு நெருங்கவும் பயப்படுவார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கேட்டால்தான் தெரிகிறது. டீயை ஓரளவு குறைப்பதில் தவறில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குங்கள்.

மருந்து வேண்டாமா என்று கேட்பீர்கள். சிலருக்கு வேண்டும். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மனநல மருத்துவர் சில மாதங்களுக்குக் கொடுப்பார், அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ப்ரோப்ரனலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே கூடாது. அல்பிரசோலம் பதற்றத்தை உடனே அடக்கும், அதனாலேயே பழக்கமாகும். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் எழுப்பினால், "சும்மா கிடங்க, உங்களுக்கு வேற வேலையில்ல" என்று சொல்லாதீர்கள். அவருடைய பயம் நடிப்பல்ல. நாடி பிடித்துப் பார்த்து, "நார்மலாதான் இருக்கு" என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கும் அதே கையை நீட்டுவார். "நெஞ்சு அடிக்குதா? அடிக்கட்டும். டாக்டர் பார்த்தாச்சு. வாங்க, கொஞ்ச நேரம் பேசிட்டு இருக்கலாம்" என்று சொல்லுங்கள். பேச்சு இதயத்தைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. மாமியார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி இருந்தால் விசேஷம்.

தனியாக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பதில் வெட்கம் எதற்கு? அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஏழாவது ஈ.சி.ஜி.க்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு ஒரு தடவை பேசுங்கள்.